அவரைக்கு வழி உண்டு

தலாஸ்
9 ஜூலை 2020

ரிம்மா அக்கா,

இந்தக் கடிதத்தை லாரிக்கார மெலிஸ் உங்கள் கையில்தான் கொடுப்பான். எசென் அண்ணன் பக்கத்தில் இருந்தால் கொடுக்காமல் திருப்பி எடுத்து வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நான் அவனுடைய தங்கை புருல். நாம் ஒரு தடவை பார்த்திருக்கிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் தராஸில் உங்கள் கிடங்கில். நீங்களும் அண்ணனும் அவரை மூட்டை ஒன்று ஈரமா இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தீர்கள்.

இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் எழுதுவார்களா என்று சிரிக்காதீர்கள். உங்கள் போன் அடித்தால் உங்களோடு வியாபாரம் பார்த்துக்கொண்டு எதிர் மேசையில் இருக்கும் அண்ணன்தான் எடுப்பான். செய்தி வந்தால் உங்களுக்கு முன்னால் அவன்தான் படிப்பான். அதை அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

அப்பா போய்விட்டார், அக்கா. திங்கட்கிழமை. முதலில் சளி என்றோம், அப்புறம் வெயில் என்றோம். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு காரில் ஏற்றிக்கொண்டு அலைந்தோம், எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் இல்லை. அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டோம். கூட்டம் கூடாது என்றதால் சாவு வீட்டுக் கூடாரம்கூடப் போடவில்லை. அக்கம்பக்கத்தார் வேலிக்கு அப்பால் நின்று அழுதுவிட்டுப் போனார்கள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியூரில் தனியாக இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தியைச் சொல்லி அனுப்ப மாட்டோம். அவன் வந்து சேர வேண்டும். பெரியவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைத்து மெதுவாகச் சொல்ல வேண்டும். ஒஸ்மோன் பெரியப்பா இதில் கண்டிப்பாக இருக்கிறார். அண்ணனிடம் அப்பாவும் அம்மாவும் மேய்ச்சல் மலைக்குப் போயிருக்கிறார்கள், அங்கே சிக்னல் இல்லை என்று செய்தி போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கோடையும் போகிறவர்கள்தானே, நம்பிவிட்டான். நான் அவனிடம் போனில் பேசுவதில்லை. பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். அவனை எப்படியாவது இந்தப் பக்கம் அனுப்புங்கள். அவன் பாஸ்போர்ட் கஜக் பாஸ்போர்ட் என்பதால் எங்கள் நாட்டுக்கு அவன் அந்நியன். அந்த ஊர்ப் பெண்ணோடு நடந்த கல்யாணம் முறிந்தும் அதனால் வந்த பாஸ்போர்ட் மட்டும் முறியவில்லை. ஒரு மணி நேரப் பயணம், அக்கா. அவரை லாரிகள் தினமும் எல்லையைத் தாண்டுகின்றன. வியாபாரத்துக்காக வருகிறவர்களை விடுகிறார்கள் என்று கேள்வி. எதற்காக என்று மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள்.

புருல்


தராஸ்
13 ஜூலை

புருல்,

உன் அப்பாவை எனக்குத் தெரியும். ஒரு தடவை என் கிடங்குக்கு வந்து, நான் போட்ட எங்கள் கொரியக் கேரட் சாலட்டைச் சாப்பிட்டுவிட்டு, 'கொரியாக்காரம்மா, இதுல மிளகாய்க்கு நடுவுல கேரட் எங்க இருக்கு?' என்று கேட்டவர். அவருக்காக அழுதேன். கழிவறையில் போய் அழுதேன், உன் அண்ணனுக்குத் தெரியக்கூடாதே. இதை உன் கணக்கில் எழுதிக்கொள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். எல்லை விதிகளை உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். நெருங்கிய சொந்தம் இறந்திருந்தால், இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்று இருந்தால் போதும், இரண்டு நாளில் விடுகிறார்கள். மகன், அப்பா, அவ்வளவுதான், வேறு கேள்வி கிடையாது. வியாபாரம் என்றால் கதையே வேறு. அங்கிருந்து ஒரு நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் வர வேண்டும். அதில் மாவட்ட முத்திரை வேண்டும். அதை இங்கே ஒரு குழு பார்க்கும், பிறகு அங்கே ஒரு குழு பார்க்கும். காப்பீடு வேண்டும். மூக்கில் குச்சி விட்ட பரிசோதனை முடிவு எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், குழு கூடுவதோ வாரத்துக்கு ஒரு நாள். இதெல்லாம் நடந்து அவன் வந்தாலும், அழைத்த நிறுவனத்தின் இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்கக் கூடாது, மூன்றாம் நாள் திரும்பிவிட வேண்டும். இந்த விதியை எழுதியவர் வாழ்க்கையில் எதையும் விற்றவராக இருக்க மாட்டார்.

அதனால் மெலிஸிடம் அந்தச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பு. நான் அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்துச் சொல்கிறேன். என் அம்மா செத்தபோது நான் தாஷ்கண்ட் சந்தையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்னார்கள். தராசைப் போட்டுவிட்டு அழுதேன், ரயிலேறினேன், போய் மண் போட்டேன். நான் ஒன்றும் செத்துப்போகவில்லை.

உன் அண்ணன் ஒன்றையும் சந்தேகப்படவில்லை. நேற்று மெலிஸைப் பிடித்து வைத்துக்கொண்டு, 'என்னடா, அப்பாவோட சாம்பல் குதிரை இந்த வருஷம் கொழுத்திருக்கா?' என்றான். மெலிஸ், 'எந்தக் குதிரை? கொட்டில் காலியா இல்ல கெடக்குது' என்றான். 'அட, மலைக்கு அதுலதானே போயிருப்பாரு, நான் ஒரு மடையன்' என்று உன் அண்ணனே சொல்லிக்கொண்டு மூட்டை எண்ணப் போய்விட்டான்.

ரிம்மா


தலாஸ்
17 ஜூலை

ரிம்மா அக்கா,

உங்கள் கடிதத்தைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். விதிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும். கேரட்டைப் பற்றியும் படித்தேன், சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சான்றிதழை அனுப்பட்டுமா என்று கேட்டேன். 'அனுப்பக் கூடாது' என்றார்.

'பெரியப்பா, இப்ப காலம் மாறிடுச்சு. இது போன் காலம்' என்றேன்.

'காலம் மாறிச்சும்மா. மனுசனோட நெஞ்சு மாறலை. உன் சித்தப்பா கதை தெரியும்ல?'

தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்காக எழுதுகிறேன். அப்பாவுக்கு ஒரு தம்பி இருந்தார். சோவியத் பட்டாளத்தில், ரொம்பத் தூரத்தில் பனி உறையும் சீத்தா பக்கம். தாத்தா இறந்ததும் படித்த வாத்தியார் ஒருவர் தந்தி அடித்துவிட்டார். தந்தியை வாங்கிய சித்தப்பா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முகாமை விட்டு நடந்திருக்கிறார். ஜனவரி மாதம். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பனியில் கிடந்தாராம். ஒரு சாவுக்குப் போக வேண்டியவர் இரண்டாவது சாவாக வந்தார். பெரியப்பாதான் சவப்பெட்டியை வாங்கப் போனார்.

'உன் அண்ணனுக்கு அங்க யாரு இருக்கா? பொண்டாட்டியா, புள்ளையா? ஒரு கொரியாக்காரம்மாவும் நாலாயிரம் மூட்டை அவரையும். சேதியைச் சொல்லி ராத்திரி அவனை எங்க தூங்க வைப்ப?' என்று கேட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

குதிரையைப் பற்றி இனி வாயைத் திறக்காதே என்று மெலிஸைத் திட்டியிருக்கிறேன். அந்தச் சாம்பல் குதிரையைத்தான் எங்கள் வழக்கப்படி அப்பாவின் அடக்கத்துக்கு அறுத்தோம். அண்ணன் சந்தேகப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அழைப்புக் கடிதம் இதோடு இருக்கிறது. பெரியப்பாவின் அவரை விதை சுத்தம் செய்யும் கொட்டகையின் பெயரில் எழுதியிருக்கிறோம், 'புதுப் பயிரைப் பார்வையிட்டு விலை பேச' என்று. கொட்டகை எங்கள் வீட்டுக்கு எதிரேதான், நடுவில் ஒரு மண் சாலை. அதைத் தாண்டினால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டு நாளாக இருமல். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்கிறாள். அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

புருல்


தராஸ்
24 ஜூலை

புருல்,

நாலாயிரம் இல்லை, மூவாயிரத்துச் சொச்சம். உன் பெரியப்பாவிடம் சொல்.

அழைப்புக் கடிதத்தைக் குழுவிடம் கொடுத்தேன். முத்திரை வட்டமாக இருக்கிறது, இப்போது சதுர முத்திரை வேண்டும் என்றார்கள். சதுர முத்திரைக்கு எழுதிப் போட்டால், அதற்குள் பரிசோதனை முடிவு காலாவதி. மறுபடி மூக்கில் குச்சி. இந்த முறை எங்கள் ஊர்ப் பரிசோதனைக் கூடம் பட்டியலில் இல்லையாம், ஷிம்கெண்ட் போக வேண்டுமாம். உன் அண்ணன் ஷிம்கெண்ட் போய் வந்தான். வந்து பார்த்தால் ஷிம்கெண்டுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் தனியாக இருக்க வேண்டும் என்று புது உத்தரவு. பரிசோதனைக்குப் போனதற்காக ஒருவனை அடைத்து வைக்கிற ஊரில் நாம் வியாபாரம் செய்கிறோம்.

அவன் சிரிக்கிறான். 'ரிம்மாக்கா, நான் அவரையாப் பொறந்திருக்கணும். மூட்டைக்குள்ள படுத்துக்கறேன், மேல முத்திரை குத்தி அனுப்பிடுங்க' என்கிறான். முன்பெல்லாம் இவ்வளவு வேடிக்கை பேசமாட்டான். சாப்பாடுதான் குறைந்துவிட்டது. நான் செய்து கொண்டுபோகும் குக்ஸி நூடுல்ஸைப் பாதியோடு மூடி வைக்கிறான். வெயில் என்கிறான்.

அம்மாவின் இருமல் எப்படி? உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. குழுவின் ஜன்னலுக்குப் போய்க் கேட்டேன்.

'அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னா விடுவீங்களா?'

'இல்லீங்க. நோய்க்கு இல்ல.'

'சாகக் கிடந்தா?'

'சாகக் கிடந்தாலும் இல்லீங்க. இறப்புக்குத்தான் உண்டு.' அந்தப் பெண் முகக்கவசத்துக்கு மேலே என்னைப் பார்த்தாள். 'நான் எழுதலை அக்கா இந்த விதியை' என்றாள்.

புரிகிறதா, புருல்? உயிரோடு இருக்கிற அம்மாவைப் பார்க்க வழி இல்லை. செத்துப்போன அப்பாவைப் பார்க்க வழி உண்டு. அப்பாவின் சான்றிதழைக் காட்டினால் அவன் இரண்டு நாளில் வந்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்காரலாம். உன் அப்பா கடைசியாக ஒரு உதவி செய்யக் காத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள்தான் அவரை விடமாட்டேன் என்கிறீர்கள்.

உன் சித்தப்பாவுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் இது ஜூலை, பனி இல்லை. நான் இருக்கிறேன். அவனை என் வீட்டு நடு அறையில் படுக்க வைத்து, வாசலில் நான் படுத்துக்கொள்வேன், எங்கே போவான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு என்னைக் கூட்டுச் சேர்த்திருக்கிறாய். இன்னும் எத்தனை நாள் என் வாய் தாங்கும் என்று எனக்கே தெரியாது.

ரிம்மா


தலாஸ்
29 ஜூலை

அக்கா,

கொஞ்சம்தான் எழுத முடியும். ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. வீடு வீடாகச் சுற்றுகிறது. எங்கள் முறை மத்தியானம் வரை, அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அங்கேயும் ஒரு அம்மா இருக்கிறாள்.

அம்மா அண்ணனைத்தான் கேட்கிறாள். காலையில் இயந்திரம் இருக்கும்போது பேச முடிகிறது.

'எசென் எப்ப வருவான்?'

'வருவான்மா. அனுமதிக்குக் காத்திருக்கான்.'

'அப்பா போனது தெரியுமா அவனுக்கு?'

'தெரியாது.'

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்: 'தெரிய வேணாம். அழுதுகிட்டே வண்டி ஓட்டிட்டு வருவான். மலைப் பாதை.' அப்புறம் அவளே, 'ஆனா சீக்கிரம் வரச் சொல்லு' என்றாள்.

இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது, அக்கா. நான் எதைக் கேட்பது?

நேற்று பெரியப்பா தொழுகைக்குப் போன நேரத்தில் சான்றிதழை எடுத்தேன். இதோடு வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குத் தெரியாமல் ஒன்று செய்கிறேன். ஆனால் அண்ணனிடம் நீங்கள் சொல்லாதீர்கள். விண்ணப்பத்தில் அதை நீங்களே வைத்து, வியாபாரம் என்று சொல்லி அவனிடம் கையெழுத்து மட்டும் வாங்கிவிடுங்கள். அவன் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் என்று நீங்கள்தானே எப்போதும் திட்டுவீர்கள். அம்மாவுக்கு முடியவில்லை என்பதையும் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் மற்றதும் வெளியே வந்துவிடும்.

மெலிஸ் ஹாரன் அடிக்கிறான்.

புருல்


தராஸ்
3 ஆகஸ்ட்

புருல்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை விண்ணப்பத்தை நிரப்பினேன். 'பயணக் காரணம்' என்ற இடத்தில் தந்தையின் இறப்பு என்று எழுதி, அந்தத் தாளை மூன்று அவரைப் பட்டியல்களுக்கு அடியில் வைத்து, கையெழுத்துப் போடும் மூலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அவன் முன்னால் தள்ளினேன். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தேன். அதுதான் தப்போ என்னவோ. நான் யாருக்கும் பேனா மூடி கழற்றிக் கொடுத்ததில்லை.

மேலே இருந்த மூன்றிலும் கையெழுத்துப் போட்டான். நாலாவதற்கு வரும்போது பேனாவைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்த்தான். தாளைப் பார்க்கவில்லை, புருல், சத்தியமாக.

'இது வியாபாரமா, ரிம்மாக்கா?'

'பின்ன என்ன?'

'வியாபாரம்னா கொடுங்க, எத்தனை வேணா போடறேன். வேற எதுன்னாலும் எனக்குக் கொடுக்காதீங்க. நான் வியாபாரியாவே போறேன். அவசரம் ஒண்ணும் இல்ல.'

அவசரம் ஒன்றும் இல்லை என்றான். எனக்கு வாய் வரை வந்தது. அம்மா என்று ஆரம்பித்துவிட்டால் போதும். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. குழுவிலிருந்து. வியாபார அனுமதி வந்துவிட்டதாம், ஆறாம் தேதி வியாழக்கிழமை எல்லையில் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரமாகக் குதிரைக் கொம்பாக இருந்தது தானாக வந்து விழுந்தது. அவன் என் தோளைத் தட்டி, 'பாத்தீங்களா?' என்றான். நான் அந்தத் தாளைத் திரும்ப எடுத்து உறையில் வைத்துவிட்டேன். சான்றிதழ் வழியில் போட்டால் திங்கள் போய்ச் செவ்வாய் ஆகும், இது வியாழன். இரண்டு நாள்தானே வித்தியாசம் என்று நினைத்தேன். கொடுத்த வாக்கையும் காப்பாற்றியதாக இருக்கும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அவன் நடந்தே சாவடியைத் தாண்டுவான். அந்தப் பக்கம் மெலிஸ் நிற்க வேண்டும். துவைத்த கோதுமை நிறச் சட்டை, புது பெல்ட் எடுத்து வைத்திருக்கிறான். அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கியிருக்கிறான், பச்சை. அப்பாவுக்கு என்ன வாங்கினாய் என்று நானே வலியக் கேட்டேன். கேட்கவில்லை என்றால் சந்தேகப்படுவான் என்று. 'அப்பாவுக்கு என்ன வாங்கறது, அவருக்கு எல்லாம் இருக்கு' என்றான்.

அம்மாவிடம் வியாழக்கிழமை என்று சொல். மறக்காமல் சொல்.

ரிம்மா


தலாஸ்
9 ஆகஸ்ட்

ரிம்மா அக்கா,

வியாழக்கிழமை என்று சொன்னேன். செவ்வாயன்று சொன்னேன். விரலைத் தூக்கி எண்ணிப் பார்த்தாள். புதன்கிழமை மாலை, இயந்திரம் பக்கத்து வீட்டில் இருந்தபோது போய்விட்டாள்.

அண்ணன் வரட்டும் என்று வைத்திருந்தோம். இந்த முறை கூடாரம் போட்டோம், யார் சொன்னாலும் சரி என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மாவை அதற்குள் திரைக்குப் பின்னால் கிடத்தி, பெண்கள் நாங்கள் வழக்கப்படி கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மெலிஸிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் முகத்தில் எதுவும் நிற்காது.

பெரியப்பாவும் இன்னும் மூன்று பேரும் கொட்டகையில் மூட்டைகளுக்கு நடுவே காத்திருந்தார்கள். வியாபாரி அங்கேதானே வர வேண்டும். மாவட்டத்திலிருந்து ஒரு ஆள், கையில் வெப்பமானியோடு. பெரியப்பா ஒரு மாதமாக அப்பாவுக்கான வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார், எதில் தொடங்கி எதில் முடிப்பது என்று. புதன்கிழமை அதெல்லாம் போதாமல் போய்விட்டது. இரண்டையும் எப்படிச் சொல்வது என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

சாலைத் திருப்பத்தில் லாரி நின்றது. கொட்டகை வரை வரவில்லை. அண்ணன் அங்கேயே இறங்கினான். பெல்ட்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். சாலையோரத்தில் ஒரு கம்பை எடுத்து ஊன்றிக்கொண்டான். 'என்னைப் பெத்த அப்பா, என் மலையே' என்று கத்திக்கொண்டு நடந்து வந்தான், சாவு வீட்டுக்கு வரும் மகன் எப்படி வர வேண்டுமோ அப்படி.

நாங்கள் யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா.

வெப்பமானிக்காரர் ஓடிப்போய், 'தள்ளி நில்லுங்க, வியாபாரியா நீங்க?' என்று ஏதோ கேட்டார். பெரியப்பா அவரைப் பார்த்த பார்வையில், 'நான் சாப்பிடப் போறேன், நான் எதையும் பாக்கலை' என்று அவர் போய்விட்டார். நல்ல மனுஷர்.

பெரியவர்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் கூடார வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் பெரியப்பாவின் கையைப் பிடித்தான்.

'நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் பெரியப்பா. கொட்டில் காலின்னு மெலிஸ் சொன்னான்ல, அன்னைக்கே தெரியும். அப்பாவுக்கு முட்டி போயி ரெண்டு வருஷமாச்சு, அவரு எங்க குதிரை ஏறுவாரு? நீங்க நேர்ல சொல்லணும்னு இருக்கீங்க, நான் குறுக்க வரக் கூடாதுன்னு இருந்தேன். போனவரு போயிட்டாரு, நான் ஓடி வந்து என்ன ஆகப் போகுதுன்னு பொறுமையா இருந்தேன். நாப்பதாம் நாளுக்குக் கூடாரம் இப்பவே போட்டாச்சா? என்னை அம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. அம்மாவை இனி நான் பாத்துக்கறேன்.'

பச்சைச் சால்வை அவன் கையில் இருந்தது.

பெரியப்பா அந்தச் சால்வையின் மேல் கையை வைத்தார். பிறகு சொன்னார்: 'எசென், உங்கப்பனுக்குத் தனியாப் போக மனசில்லப்பா. ஒரு மாசமா வழியிலேயே நின்னுகிட்டு இருந்தான். நேத்து சாயங்காலம்தான் துணைக்கு ஆள் வந்துச்சு.'

அண்ணன் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு கூடாரத்தைப் பார்த்தான். வாசலில் என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் அவன் சத்தம் போடவே இல்லை, அக்கா. அவன் கொண்டுவந்த அழுகை முழுவதும் அப்பாவுக்கானது. அம்மாவுக்கு என்று ஒன்றும் கொண்டு வரவில்லை.

மண் போட்டான். சால்வையை என்னிடம் கொடுத்துவிட்டான். மூன்றாம் நாள் வெப்பமானிக்காரர் வந்து தயங்கித் தயங்கி நேரம் ஆச்சு என்றார். போகும்போது, புதுப் பயிருக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டுமே, இல்லாவிட்டால் அடுத்த முறை அனுமதி கிடைக்காதே என்று பெரியப்பாவும் அண்ணனும் மூட்டை மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேருமே விலையைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுதல். அம்மாவுக்கு எப்போது உடம்பு கெட்டது என்று அண்ணன் கேட்டான். திடீரென்று என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவின் சான்றிதழ் உங்கள் கையில் இருந்தது அவனுக்குத் தெரிய வேண்டாம். அந்த நாலாவது தாள் எதற்காக வந்தது என்றும் தெரிய வேண்டாம். தெரிந்தால் தாங்க மாட்டான். இரண்டையும் எரித்துவிடுங்கள்.

புருல்


தராஸ்
14 ஆகஸ்ட்

புருல்,

இன்று உன் அப்பாவுக்கு நாற்பதாம் நாள். இங்கே நானும் அவனுமாக உங்கள் வழக்கப்படி போர்சோக் ரொட்டித் துண்டுகள் பொரித்தோம். மாவு எனக்குச் சரியாக வரவில்லை, எண்ணெய் வாசனை செத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றான்.

உன் கடைசிக் கடிதத்தில் கேட்டதை நான் செய்யவில்லை. எரிக்கவில்லை. உங்கள் வழக்கப்படியே செய்தேன். அவனை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, நேராகத்தான் சொன்னேன். அம்மா ஜூலையிலேயே விழுந்துவிட்டாள், உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் செவ்வாயன்று அவள் பக்கத்தில் இருந்திருப்பாய், எனக்குத் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை என்று.

நீ அவனைக் காப்பாற்றுவதாக நினைத்தாய். நான் உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அவன் உங்கள் எல்லோருடைய மரியாதையையும் காப்பாற்றினான். நம் மூன்று பேரில் ஒருவர் கொஞ்சம் மட்டமான ஆளாக இருந்திருந்தால் உன் அம்மா மகனைப் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். எனக்கு உன் மேல் கோபம் இருக்கிறது, புருல். என் மேல் அதைவிட அதிகம் இருக்கிறது. அவன் மேல்தான் கோபப்பட முடியவில்லை.

அவன் அந்தத் தாளைக் கேட்டான். கொடுத்தேன். கையெழுத்துப் போடும் மூலையை விரலால் தடவிப் பார்த்தான்.

'செவ்வாக்கிழமை அவங்க பேசிகிட்டு இருந்தாங்களா?'

'விரல் விட்டு எண்ணினாங்களாம். வியாழக்கிழமைக்கு.'

தலையை ஆட்டினான். 'எல்லாருமே நல்லதுதான் நெனச்சோம், ரிம்மாக்கா' என்றான். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனான். லாரி வந்திருந்தது. மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினான், நடுவில் விட்டுவிட்டான், முதலிலிருந்து எண்ணினான்.

மெலிஸிடம் கொடுக்கும் கடைசிக் கடிதம் இது. இனி போன் பண்ணு. என் போனை அவன் எடுத்தால் எடுக்கட்டும். அவனிடமிருந்து மறைக்க அங்கே இனி யாரும் இல்லை.

ரிம்மா